செந்தூருக்கு நேர்ந்த முடி

சுடலைச்செல்வி வாயைத் திறந்தால் நெத்திலிகூடத் தானாக வந்து குழம்புச் சட்டியில் குதிக்கும். மிகையாகச் சொல்கிறேன் என்பவர்கள் அவள் பிள்ளைகளிடம் ரத்தம் எடுப்பதைப் பார்த்ததில்லை. "ஒங் கைக்குள்ள ஒரு செவப்பு மீனு ஒளிஞ்சிருக்குல்லா, அத இந்தக் குப்பிக்குள்ள விடுவமா?" என்பாள். பிள்ளை மீனைத் தேடி முடிப்பதற்குள் குப்பி நிறைந்திருக்கும்.

தூத்துக்குடியில் வயிற்றில் இருக்கும்போதே பேர் எழுதிக்கொண்ட பிள்ளைகளை, பள்ளிக்கூடம் போகும் வயது வரை தொடர்ந்து பார்க்கிற ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது. காற்றும் தண்ணீரும் சோறும் பிள்ளையின் உடம்பையும் மூளையையும் என்ன செய்கின்றன என்று கண்டுபிடிக்கவாம். ரத்தம், நகம், முடி, விழுந்த பால்பல் எல்லாம் வேண்டும். வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுவருபவள் செல்வி. சாத்தான்குளத்தில் பிறந்து, லேப் டெக்னீசியன் படித்து, குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனை விட்டு வந்தவள். மகளை நர்சிங் படிக்க வைத்ததே அந்தப் பெட்டிதான். எந்த வீட்டிலிருந்தும் செல்வி வெறுங்கையோடு திரும்பமாட்டாள் என்று ஆபீசில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேர்தான் அவளைக் கெடுத்தது.

உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் முத்துமாரியின் மகன் செந்தூர்வேல். இரண்டு கர்ப்பம் கலைந்தபின் தங்கிய பிள்ளை. மூன்று வயதில் திருச்செந்தூரில் இறக்குவதாக நேர்ந்து, கத்தி படாமல் வளர்த்த முடி தோளில் புரளும். எடை பார்க்க விடுவார்கள், உயரம் அளக்க விடுவார்கள். ரத்தம் கேட்டால் மாமியார் சீனித்தாய் குறுக்கே வந்துவிடுவாள்.

"இருக்குததே எலும்பும் தோலும். அதுலயும் உறிஞ்சணுமாக்கும் ஒனக்கு?"

"ரத்தம் வேண்டாம் ஆச்சி. பென்சில் தண்டிக்கு முடி போதும்."

"முருகன் முடியில கைய வச்சா, கை இருக்காது ஒனக்கு."

செல்வி சிரித்து மழுப்பினாள். அடுத்த முறை போனபோது சீனித்தாய் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். முத்துமாரி குடத்தோடு தண்ணீர் லாரிக்கு ஓடினாள். "பிள்ளயப் பாத்துக்கோங்கக்கா, இந்தா வந்திருதேன்." பையன் குப்புறப் படுத்துத் தூங்கினான். பின்கழுத்துக்கு மேலே, உள்பக்கமாக, செல்வி ஒரு கொத்தை ஒட்ட நறுக்கி உறையில் போட்டுக்கொண்டாள். மேல்முடி விழுந்து மறைத்துவிட்டது.

வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூரில் முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்துத் தலையைக் கோதியதும் நிறுத்திவிட்டார். "இங்கன ஏற்கெனவே கத்திரி பட்டிருக்கே தாயி." சீனித்தாய்க்கு அங்கேயே மயக்கம் வந்தது. யாரோ செய்வினைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. பையன் சரியாகப் பேசாததற்கும், ஓயாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகம் விழுந்து, அவளோடு பேச்சு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஏஞ்சலின் செல்வியை உள்ளே கூப்பிட்டார்.

"இந்தப் பையன் முடியில ஈயம் ரொம்ப இருக்கு. முடிய மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. ரத்தம் பாத்தே ஆகணும். அவங்க வீட்ல ஈய வேலை ஏதும் உண்டா?"

உண்டு. முத்துமாரியின் புருஷன் பால்துரை, பழைய பேட்டரித் தகடுகளை வாங்கி உருக்கி, மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவன். அடுப்பு வீட்டுக்குப் பின்வாசலில். பையன் விளையாடுவதும் அங்கேதான். ஆறிய குண்டுகளை வாயில் போட்டுச் சப்புவான். செல்வியே பார்த்திருக்கிறாள்.

முடிவைச் சொன்னால் முடி ஏது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் பையன் சப்பிக்கொண்டே இருப்பான். மறுநாள் போய், மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

சீனித்தாய் சத்தம்கூடப் போடவில்லை. "வெட்டுனது நீயா" என்றாள். "சாமிக்குள்ளத எடுத்துட்டு, இப்ப எம்மவன் தொழில்ல குத்தம் சொல்லுதியா?"

"ஆச்சி, நான் செஞ்சது தப்புதான். என்னய என்ன வேணும்னாலும் பண்ணுங்க. பிள்ளைக்கு ரத்தம் மட்டும் பாத்துருங்க. தம்பி, அடுப்பத் தூர மாத்துங்க."

பால்துரை ஈயம் வார்க்கும் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னான்: "பொறந்ததுல இருந்து நான் இந்தப் பொகையிலதான் கெடக்கேன். எனக்கு என்ன வந்துட்டு?"

முத்துமாரி எழுந்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சீனித்தாய் ஆபீசுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றினாள். சம்மதம் இல்லாமல் எடுத்ததற்காகச் செல்விக்கு வேலை போயிற்று. அதே காரணத்துக்காகப் பையனின் பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் தானே இரண்டு முறை போய்ப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. தெய்வக்குற்றம் தீர மறுபடி முடி வளர்க்க நேர்ந்திருந்தார்கள். முடி வளர்ந்தது. பின்வாசலில் அடுப்பும் எரிந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் காலையில் முத்துமாரி செல்வியின் வாசலில் நின்றாள். தோளில் பையன் துவண்டு கிடந்தான்.

"வெட்டு வந்துட்டு. ரெண்டு மட்டம் கையும் காலும் இழுத்துட்டு. அத்த மந்திரிக்கக் கூட்டிட்டுப் போச் சொன்னா. இங்கன வந்துட்டேன்."

செல்வி ஆட்டோ பிடித்தாள். பெரியாஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னாள். செல்வியே அங்கிருந்த டாக்டரிடம் ஈயம் என்று சொல்லி, வேண்டிய சோதனையையும் சொன்னாள். ரத்தம் எடுக்கும் அறையில் பையன் வீரிட்டான். அங்கிருந்த பெண் கையைப் பிடிக்கத் திணறினாள். செல்வி பழக்கத்தில் குனிந்து, "ஒங் கைக்குள்ள ஒரு" என்று ஆரம்பித்தாள்.

முத்துமாரி அவள் கையைத் தட்டிவிட்டாள். "நீ தொடாத. வெளிய நில்லு."

செல்வி வெளியே வந்து நின்றாள். ஊசி முதல் தடவையில் நரம்பில் ஏறவில்லை என்பது உள்ளே இருந்து வந்த அழுகையிலேயே அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவையும் ஏறவில்லை. அவள் கதவைத் தொடவில்லை.