சங்கம் தேடிக்கொடுத்த வேலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் உத்தமபாளையத்தில் பள்ளி ஆசிரியன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதிக்காக, ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் ஒரு வக்கீல். கூட இரண்டு பேர்: ரைஸ்மில் முதலாளி ஒருவர், அனுமந்தன்பட்டிப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர். மூவருக்கும் கைதிகள்மேல் திடீரென்று இரக்கம் சுரந்ததற்குக் காரணம் உண்டு. புதிதாக வந்திருந்த சப் கலெக்டருக்கு இப்படிப்பட்ட சங்கங்கள் பிடிக்கும் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள்.

ஆறு மாதம் கூட்டம் நடந்தது. விடுதலையானவர் ஒருவரும் வரவில்லை. வராதவரை சங்கம் பிரமாதமாக நடந்தது. வக்கீல் கருணையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். மற்ற இருவரும் வடையைத் தின்றுகொண்டே தலையாட்டுவார்கள். நான் அத்தனையையும் குறிப்பேட்டில் அழகாக எழுதிவைப்பேன்.

மாசி மாதத்தில் நிஜமாகவே ஒருவர் வந்துவிட்டார்.

நாற்பது வயது இருக்கும். சின்னமனூர்ப் பக்கத்துச் சம்சாரி, சொந்த நிலத்தில் உழுதவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்த ஆள் இறந்துபோனான். மதுரை ஜெயிலில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, ஜெயில் அதிகாரி கொடுத்த கடிதத்தோடு வந்தார். நிலத்தைத் தம்பி உழுதுகொண்டிருந்தான். ‘ஊருக்குள்ள வந்தா பழைய பகை கெளம்பும்’ என்று சொல்லி, அண்ணனை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். ஜெயிலில் அவர் சமையற்கட்டில் இருந்தாராம். நானூறு பேருக்குக் களி கிண்டுவாராம்.

அன்றைய கூட்டத்தில் அவரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, வக்கீல் வழக்கம்போலக் கருணையைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் நான் ரைஸ்மில்காரரைப் பார்த்தேன்.

“மில்லுல பொம்பளைக நெல்லுக் காயப்போடுறாக, வாத்தியாரே. கொலைகாரன அங்கன விட முடியுமா? நீரே சொல்லும்” என்றார் அவர்.

வக்கீல் வீட்டுக்குத் தோட்டவேலைக்கு ஆள் தேவை என்பது எனக்குத் தெரியும். கேட்டேன். “நாலு பெரிய மனுசங்க வந்துபோற வீடு” என்றார். அவர் வீட்டுக்கு வந்துபோன பெரிய மனுசர்களில் பாதிப்பேர் கொலைவழக்குக்காரர்கள். அவர் வாதத்திறமையால் உள்ளே போகாமல் தப்பியவர்கள் முன்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். செய்ததை ஒப்புக்கொண்டு ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர்தான் அந்த வீட்டுக்கு ஆகாதவர்.

நிலக்காரர் மட்டும் அவரை உள்ளே கூப்பிட்டு, ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கிட்ட வந்துரு. நீ ஒரு வேலையும் செய்ய வேணாம். மீசைய நல்லா வளத்துக்கிட்டு களத்துமேட்டுல சும்மா நில்லு. கொல பண்ணிட்டு வந்த ஆளுன்னு தெரிஞ்சாப் போதும், குத்தகைக்காரப் பயலுக வாயத் தெறக்க மாட்டானுக.”

வக்கீல் முகம் மலர்ந்தது. பிரச்சினை தீர்ந்தது என்பதுபோல என்னைப் பார்த்து, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வந்தவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அந்தப் பேரத் தொலைக்கத்தேன் அஞ்சு வருசம் கெடந்தேன், சாமி. அத வச்சே பொழைக்கச் சொல்றீகளே.”

“திமிரப் பாத்தீகளா?” என்றார் நிலக்காரர். உதவியை ஏற்க மறுத்தவர் என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே இருந்தது.

இவர்களை இவ்வளவு ஏசுகிற நான் என்ன கிழித்தேன்? என் வீட்டுக் கிணற்றைத் தூர்வார ஆள் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவரிடம், “வீட்டுல பயப்படுவாக” என்று சொல்லிவிட்டேன். என் மனைவியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

“மலைக்குப் போறேன், ஐயா. ஏலக்காத் தோட்டத்துல கேட்டுப் பாக்குறேன்” என்றார் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றதால் நானும் கம்பம்வரை பஸ்ஸில் கூடப் போனேன். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. தோட்டத்துக்குச் சுமை கொண்டுபோகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு ஏறுகிற கடை. நடத்தியவள் ஐம்பது வயதுக்காரி. ஒருத்தியாக அடுப்புக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். சமையற்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம்.

“எவனாச்சும் அடுப்படிக்கு ஆள் இருந்தாச் சொல்லுங்கப்பா” என்று பொதுவாகச் சத்தம் போட்டாள்.

“களி கிண்டுவேன், ஆத்தா” என்றார் இவர்.

உடனே நான் எழுந்தேன். ஜெயிலிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கத்தின் செயலாளர் என்ன சொன்னேன் தெரியுமா? “அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இவர் கொலைவழக்குல செயிலுக்குப் போயிட்டு வந்தவர்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது.

“ஒம்மட்ட நான் கேட்டனா?” என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, “எத்தன பேருக்குக் கிண்டுவ?”

“நானூறு பேருக்கு.”

“இங்கன நாப்பது பேருதேன். கட்டி தட்டாமக் கிண்டணும். கையக் கழுவிட்டு வா.”

அவ்வளவுதான். கருணையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முதல் வாரம் கடைக்கு ஆள் குறைந்தது. கொலை செய்த கையால் போட்ட சோறு என்று சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். சுமைகாரர்கள்தான் முதலில் திரும்பி வந்தார்கள். வயிறு கொள்ளச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறவேண்டியவர்களுக்கு அவருடைய களியும் கருவாட்டுக் குழம்பும்தான் தோதுப்பட்டன. ஆடி மாதத்துக்குள் உட்கார இடம் கிடைக்கவில்லை.

செய்தி உத்தமபாளையத்துக்கு வந்ததும் சங்கம் உயிர்பெற்றது. சப் கலெக்டர் வர ஆண்டுவிழா ஏற்பாடாயிற்று. களி கிண்டுகிறவரை அழைத்துவர என்னை அனுப்பினார்கள். மேடையில் நிறுத்தி மாலை போடவேண்டுமாம். போனேன். களிப்பானையில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஒல கொதிக்குது, ஐயா. எறக்கிட்டு எங்கன வர்றது?” என்றார். கோபம்கூட இல்லை. கடைக்காரிக்குத்தான் இருந்தது.

“அவுக கழுத்துலயே போட்டுக்கிறச் சொல்லும் ஓய்!”

அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். எங்கள் சங்கத்தின் முயற்சியால் ஒருவர் கண்ணியமான தொழிலில் அமர்த்தப்பட்டார் என்ற அறிக்கையை நானே எழுதி நானே வாசித்தேன். கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. ‘ஏற்க மறுத்தவர்’ என்று அதே கையால் எழுதியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சப் கலெக்டர் மாற்றலாகிப் போன மாதத்தோடு கூட்டங்கள் நின்றன. இரக்கமும் அவரோடு மாற்றலாகிவிட்டது.

ஆனால் ஜெயிலுக்குச் சேதி போகவில்லை போலிருக்கிறது. அடுத்த வருடம் கையில் கடிதத்தோடு ஒருவன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். திருட்டு வழக்கு, இளவயசு. அவனை வக்கீல் வீட்டுக்கு அழைத்துப்போகவில்லை. கடிதத்தை வாங்கி, அதன் முதுகில் மலையடிவாரத்துக் கடைக்கு வழி எழுதிக் கொடுத்து, கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பத்து நாள் கழித்து நான் அங்கே சாப்பிடப் போனபோது அவன் இலை போட்டுக்கொண்டிருந்தான். பிறகு இன்னும் இரண்டு பேரை அனுப்பினேன். ஒருவன் நிலைக்கவில்லை; மற்றவன் மாடுகள் வாங்கிச் சுமைத்தொழிலில் இறங்கினான். செயலாளராக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதற்குச் சங்கம் தேவைப்படவில்லை.