மெஷினே போதும் என்று சொன்னேன்

ஷார்ஜா முவைலாவில் ஒரு கிரிக்கெட் பயிற்சிக் கூடத்தில் பந்து வீசும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். பந்தை ஆடுபவருக்குத் தூக்கிக் காட்டிவிட்டு மெஷினுக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பிளஸ் ஒன் படிக்கும் கார்த்தி தினமும் சாயங்காலம் வருவான். என்னிடம் தமிழ் பேச அங்கே அவன் ஒருவன்தான். ஸ்கூல் டீம் செலக்‌ஷனுக்கு முன்னால் கேட்டான்.

"அண்ணா, மெஷின் போதுமா? இல்ல, ஃப்ரெண்ட்ஸ பௌலிங் போடச் சொல்லி வெளில ஆடவா?"

போதாது என்று எனக்குத் தெரியும். சொன்னால் இங்கே வரமாட்டான்.

"மெஷினே போதும்டா" என்றேன்.

செலக்‌ஷனில் மூன்றாவது பந்திலேயே போல்டாகிவிட்டான். டீமில் எடுக்கவில்லை. மறுநாள் பேட் இல்லாமல் வந்தான்.

"ஓடி வர்றவன் கைய எப்பப் பாக்கணும்னே தெரியலண்ணா. உங்கள மாதிரி யாரும் பந்தத் தூக்கிக் காட்டல" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன். நீ வராமப் போயிடுவன்னு."



"அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களையே பௌலிங் போடக் கூப்பிட்டிருப்பேனேண்ணா."

பிறகு அவன் வரவில்லை. இப்போது யார் கேட்டாலும், ஆள் வீசும் பந்தையும் ஆடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் பந்து போடத் தெரியும். அது ஏன் அன்று தோன்றவில்லை என்றுதான் புரியவில்லை.