கிரிவலப் பாதைக்கே கேட்ட பெயர்

போன வருஷம் ஒரு பௌர்ணமி நாள் சாயங்காலம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது இது.

ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணனுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் வழக்கப்படி அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அந்த அத்தை நான். கம்ப்யூட்டரில், வீடியோ காலில் சொல்வதாக ஏற்பாடு. கண் பட்டுவிடும் என்று அண்ணி அதுவரை ஒரே ஒரு போட்டோதான் அனுப்பியிருந்தார். பிள்ளையின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கப்போகிறேன் என்று காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படம் பளிச்சென்று வந்தது. அண்ணன் சிரிக்கிறான், அண்ணி ஏதோ சொல்கிறார், குழந்தை வாயைக் கோணிக்கொண்டு அழுகிறது. சத்தம் மட்டும் துளிகூட இல்லை!

போனில் கூப்பிடலாம் என்றால், பௌர்ணமிக் கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கும்? தங்களுக்கு என் குரல் கேட்கிறது, பெயரைச் சொல் என்று அண்ணன் சைகை காட்டினான். "புள்ள கொரல கேக்காம நான் பேர் சொல்ல மாட்டேன், போ" என்றேன். "நல்ல நேரம் முடியப் போவுதுடி, உன் வீம்ப அப்புறம் வெச்சுக்கோ" என்று அம்மா பின்னாலிருந்து நச்சரித்தார். என் கணவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி, அதன் வால்யூம் குமிழையும் கடைசிவரை திருகி வைத்தார்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, அதற்குப் பதிலாக அண்ணன் போட்டுக் கொடுத்த லினக்ஸ். சவுண்ட் செட்டிங்கைத் திறந்தேன். வால்யூம் முழுசாகத்தான் இருந்தது. அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதில் ஒரு கோடு வேறு குதித்தது. அப்படியானால் சத்தம் வருகிறது, ஆனால் எங்கே போகிறது? கீழே பார்த்தால், அந்த வாரம்தான் வாங்கி மாட்டிய புது மானிட்டருக்குப் போகிறது. அதில் ஸ்பீக்கரே கிடையாது! படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகிற புது கேபிளைக் கண்டதும் லினக்ஸ் சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். "அட கிறுக்குப் பெட்டியே" என்று திட்டிக்கொண்டே ஸ்பீக்கருக்கு மாற்றினேன்.

வீல் என்று ஒரு அழுகை! வீடே அதிர்ந்தது. அம்மா கையிலிருந்த சர்க்கரைக் கிண்ணம் கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சத்தத்தைக் குறைக்க நான் யாரையும் விடவில்லை. அழுகையை மீறிக் கேட்க வேண்டுமே என்று, காதோடு சொல்ல வேண்டிய பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன். அங்கே அண்ணனும் அண்ணியும் கூடவே கத்த, அதுவும் ஸ்பீக்கரில் சேர்ந்துகொண்டது.

கிரிவலம் போய்க்கொண்டிருந்த சிலர் என்னவோ ஏதோ என்று எங்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். கணவர் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். உடனே ஒரு பெண்மணி குழந்தையின் பெயரைச் சொல்லி, "அண்ணாமலையாரே, கொழந்த நல்லா இருக்கணும்" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கூட வந்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு நடந்தார்கள்.

இப்போது அவள் மழலையில் "அத்தே" என்று கூப்பிடும்போதெல்லாம், நான் ஒருத்தி மட்டும் அவள் காதில் சொல்ல வேண்டிய பெயரை முகம் தெரியாத அத்தனை பேர் வாய் நிறையச் சொல்லிக்கொண்டு மலை சுற்றப் போனார்களே, இந்தக் கொடுப்பினை வேறு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.