ஊருக்குப் போனவள் பேருக்கு வந்த பார்சல்

ஷார்ஜாவில் தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். கடிதமெல்லாம் கம்பெனியின் தபால் பெட்டிக்குப் போய்விடும். வாசலுக்கு வருவது கூரியர்தான். அவர்களும் கதவு எண்ணைப் பார்த்து வருவதில்லை. போனில் பதிந்திருக்கும் லொகேஷனைப் பிடித்துக்கொண்டு வந்து, பக்கத்தில் எந்த சூப்பர் மார்க்கெட் என்று கேட்பார்கள். அபு ஷகாராவில் எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு வருஷமாக வந்த பார்சல்களில் பாதி எங்களுக்கில்லை. அவளுக்கு.

அவள் எங்களோடு ஐந்து வருஷம் ஷேரிங்கில் இருந்தவள். ஒரு பெட்ரூமில் நாங்கள், இன்னொன்றில் கோயம்புத்தூர்க்காரியான அவளும் புருஷனும் பெண் குழந்தையும். ஹாலும் கிச்சனும் பொது. வாடகையை நினைத்துச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்குத் தினமும் தலை பின்னிவிட்டது நான். கொள்ளு கடைந்தால் வீடெல்லாம் வாடை அடிக்கிறது என்று ஒருமுறை சொன்னேன், அதோடு நிறுத்திக்கொண்டாள். பாத்திரத்தை எங்கே கவிழ்க்க வேண்டும், எப்போது துணி துவைக்கும் மெஷினைப் போட வேண்டும், எதுவானாலும் நான் சொன்னால் சரி என்பாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்று திருச்சியில் என் அக்கா தங்கைகளிடம் போனில் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் திடீரென்று, "விசா கேன்சல் பண்ணிட்டு மொத்தமா ஊருக்கே போறோங்கக்கா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் போன பிறகு அந்த அறைக்கு வேறு குடும்பம் வைக்கவும் மனம் வரவில்லை. என் வீட்டுக்காரரும் வற்புறுத்தவில்லை. பெருந்தன்மை என்று நினைத்தேன்.

பார்சல் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எங்களுக்கு முன்னால் இந்த ஃபிளாட்டில் இருந்த எகிப்துக்காரர் பேருக்கு ஏதாவது வந்தால் யோசிக்காமல் கட்டடக் காவலாளியிடம் தள்ளிவிடுவேன். அவள் பேர் என்றால் அப்படிச் செய்ய முடியுமா? போட்டோ எடுத்து அவளுடைய ஊர் நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். "அச்சச்சோ, பழைய ஆர்டருங்கக்கா, திருப்பி அனுப்பிடுங்க" என்று பதில் வரும். கூடவே கும்பிடும் கை. ஒரு வருஷமாகவா பழைய ஆர்டர் வந்துகொண்டிருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அவ்வளவு நம்பிக்கை. வருகிற கூரியர்க்காரர்களிடமெல்லாம், "அவங்க மாஃபி, இங்க இல்ல, இந்தியா போயாச்சு" என்று நான்தான் அவளுக்காகச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு பாகிஸ்தானி பெரிய பெட்டி ஒன்றோடு வந்து நின்றார். வழக்கம்போல இந்தியா போயாச்சு என்றேன். அவர் சிரித்தார். இப்போதுதான் கீழே நின்று அந்த மேடத்திடம் பேசினேன், பாஷைதான் புரியவில்லை என்றார். மறுபடி அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். ஓட்டை இந்தியில் அவள் குரல். அவளுக்கு இந்தி எப்போதுமே வராது, கடைக்குப் போனால்கூட நான்தான் பேசுவேன். இங்கே கூரியர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழி புரியவில்லை என்றால் பக்கத்தில் நிற்கிற அதே ஊர்க்காரர் கையில் போனைத் திணித்துவிடுவார்கள். "ஆப் பாத் கரோ மேடம்" என்று என்னிடம் நீட்டினார்.

நான் "ஹலோ, சொல்லுங்க" என்றதுமே அவள் படபடவென்று ஆரம்பித்துவிட்டாள். "தமிழுங்களா? நல்லதாப் போச்சுங்க. அது எங்க பழைய லொகேஷனுங்க, எத்தன தடவ மாத்துனாலும் பழசையே காட்டுதுங்க. இப்ப பக்கத்துல அல் நஹ்தாவுல இருக்கோம், பார்க்குக்கு எதுத்தாப்புல இருக்கற பில்டிங்குங்க."

"நான்தான் பேசறேன்" என்றேன்.

அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"எப்ப வந்தே?" அப்போதும் பாருங்கள், ஊருக்குப் போய்த் திரும்பி வந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நாங்க போகவே இல்லீங்கக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "தனியா ஒரு கிச்சன் வேணும்னு ஆசையா இருந்துச்சுங்க. வேற வீடு பாக்கறோம்னா நீங்க விடமாட்டீங்க. ஊருக்குன்னு சொன்னாத்தான் விடுவீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணன் இன்னும் உங்ககிட்ட சொல்லலீங்களா? அன்னைக்கு எங்கள இங்க கொண்டாந்து விட்டதே அண்ணன்தானுங்களே."

அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர். பெட்டிகளோடு காரில் எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, அவர்களை ஏர்போர்ட்டுக்கு என்று கூட்டிப்போனவர். நான் பால்கனியில் நின்று கார் தெருமுனையில் திரும்பும்வரை கையாட்டினேன்.

"யல்லா மேடம்" என்று அவசரப்படுத்தினார் பாகிஸ்தானி. பார்க், எதிர் பில்டிங் என்று இந்தியில் அவள் வீட்டுக்கு நானே வழி சொன்னேன். அவர் சலாம் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவளாவது அந்நியம் என்று தள்ளிவிடலாம். ஒவ்வொரு பார்சல் வந்தபோதும் இவரிடம்தானே காட்டினேன்? இவரும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "திருப்பி அனுப்பிடு" என்று அவளைப் போலவே சொல்வார்.

டூட்டி முடிந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மழுப்பக்கூட இல்லை. "அவ புருஷன் கெஞ்சிக் கேட்டான். உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டே" என்றார். எத்தனையோ கேட்டிருக்கலாம். யாருக்கு நீங்கள் புருஷன் என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"கார்ல போறப்ப அவ அழுதாளா?"

சாக்ஸைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். ஒரு வருஷமாகப் பொய் சொன்ன மனிதர், அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்ல" என்றார். "பாட்டு வைக்கச் சொன்னாங்க."