கடைக்கால் ஓரம் தோண்டின குழி

எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னு சொன்னா சிரிப்பீங்க, இந்த மாதிரி அனுபவம் சொல்ற எல்லாரும் அதைத்தான் முதல்ல சொல்றாங்க. ஆனா என் ஹாஸ்டல் பொண்ணுங்களைக் கேட்டுப் பாருங்க. காசு மேல விரல் வச்சு ஆவி கூப்பிடுறோம்னு உக்காந்தவங்ககிட்ட, ஒவ்வொருத்தியா விரலை எடுங்கடி, யார் எடுத்ததும் காசு நிக்குதுன்னு பாப்போம்னு சொல்லி விளையாட்டையே கெடுத்தவ நான். அப்போ சிவில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எதையும் அளந்து பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஈசிஆர் புது ரோடா மாறின சமயம். அப்பாவுக்குக் கல்பாக்கத்துல வேலை, ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அந்த நேரம் பாத்து சுமதி அக்கா முழுகாம இருக்கான்னு சேதி வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான், ஆனா அந்த அம்மா வீடு எங்கே இருக்குன்னு அக்காவோட மாமியார் ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டாங்க. அவ்வளவுதான். அப்பா அவசர அவசரமா புதுப்பட்டினத்துக்கு உள்ளே தள்ளி ஒரு பழைய வீட்டை வாங்கிட்டார். பழசுன்னு பாத்தா தெரியாது. பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சு, தரை முழுக்க டைல்ஸ் ஒட்டி, வித்தவர் அதைக் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு வச்சிருந்தார். எனக்கு அப்போ செமஸ்டர் பரீட்சை, இல்லாட்டி விட்டிருக்கவே மாட்டேன்.

லீவுக்கு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். அக்கா படுக்கிற ரூம்ல, ஜன்னல் மூலையிலேர்ந்து தரை வரைக்கும் படிக்கட்டு மாதிரி இறங்கி வர்ற விரிசல். வெறும் பட்டி வெடிப்புன்னு அப்பா சொன்னார். சரி, அளந்துடுவோம்னு போட்டோ பிரேம் கடையில கண்ணாடித் துண்டு வாங்கி வந்து, விரிசலுக்குக் குறுக்கா சிமென்ட் வச்சு ஒட்டினேன். சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும், நகராட்டி உடையாது, அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அந்த வாரமே உடைஞ்சுது. இன்னொண்ணு ஒட்டினேன், அதுவும் உடைஞ்சுது. அப்படின்னா கடைக்கால், அதாவது அஸ்திவாரம், இறங்கிக்கிட்டிருக்கு. அக்கா கட்டிலை ஹாலுக்கு மாத்தினோம், ஆனா கூரையைத் தாங்குறதே அந்தச் சுவர்தான், ஹால்ல படுத்தா மட்டும் என்ன. அவளுக்கு நிறைமாசம் நெருங்குது.

பக்கத்துத் தெரு ஏழுமலை மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வெளிப்பக்கம் கடைக்கால் ஓரம் ஒரு குழி எடுத்துப் பாத்தா விஷயம் தெரிஞ்சிடும்னேன். மனுஷன் தலையாட்டிக்கிட்டே கடப்பாரையை எடுத்தார், அந்த நேரம் அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தா. கடப்பாரையைக் கீழே வச்சிட்டார்.

"புள்ளத்தாச்சி கீற வூட்டுல கடக்கால் தோண்ட சொல்றியா? இன்னா பொண்ணு நீ?"

"வீடு இறங்குதுண்ணே. அவ மேலயே விழுந்தா?"

"விழாது. விழுந்தாலும் ஏழுமலை தோண்டி விழுந்துச்சுன்னு பேரு வாணாம். கொயந்த பொறக்கட்டும், நானே ஓடியாறேன்."

அம்மா அவருக்குக் காபி கொடுத்து மரியாதையா அனுப்பி வச்சாங்க. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணிகூட அடிக்கக் கூடாது, நான் குழி தோண்டக் கிளம்பிட்டேனாம். எனக்கு அழுகை அழுகையா வந்தது. அக்காதான் என் கையைப் பிடிச்சு இழுத்து அவ வயித்துல வச்சுக்கிட்டா. உள்ளேர்ந்து ஒரு குதிகால் மெதுவா உருண்டு என் உள்ளங்கையைத் தள்ளிட்டுப் போச்சு.

"பாத்தியா, உன்னைத்தான்டி உதைக்குது" அப்படின்னா.

அம்மாவும் அக்காவும் செங்கல்பட்டுக்குச் செக்கப்புக்குப் போன ஒரு காலையில மூணாவது கண்ணாடியும் உடைஞ்சு கிடந்தது. அப்பா அதையே பாத்துக்கிட்டு நின்னார். "எவ்வளவு ஆழம் தோண்டினா தெரியும், இன்ஜினியரம்மா?"ன்னு கேட்டவர், நான் பதில் சொல்றதுக்குள்ள கடப்பாரையோட வந்துட்டார். அவங்க திரும்பி வர்றதுக்குள்ள பாத்துட்டு மூடிடலாம்னு ரெண்டு பேரும் இறங்கினோம். கடலோரத்து மணல், வெண்ணெய் மாதிரி வந்தது. கடைக்கால் செங்கல் தெரிஞ்சது, அதுக்குக் கீழே ஒண்ணுமே இல்ல. பொந்து. சுவர் அந்தரத்துல நிக்குது.

அப்பா குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். ரொம்ப நேரம் கையை வெளியே எடுக்கல. அப்புறம் எழுந்து மணலைத் தட்டிக்கிட்டு, "பொள்ளலாத்தான் இருக்கு, நீயும் பாரு"ன்னார். முகத்துல ஒண்ணும் இல்ல.

நான் கையை விட்டேன். ஜில்லுன்னு இருக்கும்னு நினைச்சேன், உடம்புச் சூடு இருந்தது. எலியோ வேரோ தட்டுப்படுதான்னு துழாவினேன். அப்போ அது என் உள்ளங்கையைத் தள்ளிச்சு. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இழுத்துக் கட்டின தோலுக்கு அடியில ஒரு குதிகால் உருள்ற மாதிரி, அதே மெதுவா, அதே வட்டம். என் கை நாடித் துடிப்பா இருக்கும், உள்ளே அடைஞ்சிருந்த காத்தா இருக்கும்னு பின்னாடி எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனா என்னைப் பயமுறுத்தினது அந்தத் தள்ளல் இல்ல. அது நின்னுடுச்சு. கையை அப்படியே வச்சுக் காத்துக்கிட்டிருந்தேன், மறுபடி வரவே இல்ல, அந்த வராததைத்தான் என்னால தாங்க முடியல.

"மூடிடலாம்"னார் அப்பா. பேய் பிடிச்ச மாதிரி மணலைத் தள்ளி, தண்ணி ஊத்தி, மிதிச்சு கெட்டிப்படுத்தினோம்.

மத்தியானம் ஆட்டோவிலேர்ந்து இறங்கின அம்மா முகம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில குழந்தையோட இதயத் துடிப்பு கொஞ்ச நேரம் கேக்கவே இல்லையாம். நர்ஸ் தேடி, டாக்டர் வந்து தேடி, இன்னொரு டாக்டரைக் கூப்பிடப் போகும்போது திடீர்னு கேக்க ஆரம்பிச்சுதாம், குதிரை ஓடற மாதிரி. அப்போ மணி என்ன இருக்கும்னு கேக்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. எதையும் அளக்கிறவதான் நான், ஆனா கேக்கல.

அன்னிக்குச் சாயங்காலம் புதுக் கண்ணாடி ஒட்டினேன். அது உடையவே இல்ல.

குழந்தை நல்லபடியா பொறந்தது, பொண்ணு. அக்கா புகுந்த வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஏழுமலை மேஸ்திரி சொன்ன சொல் தவறாம ரெண்டு ஆளோட வந்தார். நாங்க தோண்டின இடத்தை நானே காட்டினேன். கடப்பாரை உள்ளே இறங்காம டங்கு டங்குன்னு திரும்பி வந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு அகலமா எடுத்துப் பாத்தாங்க. கடைக்கால் ஒரு விரல் சந்துகூட இல்லாம மண்ணு மேல கச்சிதமா உக்காந்திருந்தது.

"இந்த மண்ணுல யாரும் கையே வெச்சதில்லம்மா. வூடு கட்டின நாள்லேர்ந்து அப்படியே கீது, கல்லாட்டம்" அப்படின்னவர், படிச்சுப் படிச்சு உனக்குக் கண்ணு போச்சுன்னு சிரிச்சிட்டு, கை கழுவக் குழாய்ப் பக்கம் போனார்.

நான் குழியையே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு உள்ளே என்ன தட்டுப்பட்டதுன்னு அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, அம்மாகிட்ட இல்ல, அக்காகிட்ட இல்ல. அப்பா குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே பின்னாடி வந்து நின்னார். மேஸ்திரி காதுல விழாத மாதிரி கேட்டார்.

"அன்னிக்கு உன் கையையும் உதைச்சுதா?"