சரக்குக்கறி மணந்த ஜெர்மன் கார்

1. கதவுச் சத்தம்

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வேர்க்ஷொப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மனேஜர் பிரையன் என்னை மேசையில் இருக்க விடவில்லை. முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பழைய காரின் கதவைத் திறந்து, "சாத்து" என்றார். சாத்தினேன். "கேட்டதா?" என்றார். கேட்டது. டப் என்று ஒரேயொரு சத்தம். கிலுகிலுப்பு இல்லை, நடுக்கம் இல்லை.

"உன் வயதுதான் இருக்கும் இந்தக் காருக்கு, லவ். நாங்கள் விற்கிறது இந்தச் சத்தத்தைத்தான்," என்றார்.

எனக்கென்றால் சிரிப்பு. அப்போது நான் டூட்டிங்கில் வாடகைக்கு இருந்த அறையின் கதவைச் சாத்த இரண்டு பேர் வேணும். மனுசருக்கு இல்லாத கதவு காருக்கு இருக்கு, நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இது எண்பதுகளின் நடுப்பகுதி. கொம்பனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஜெர்மன் கார் என்றால் எங்கட சனத்துக்கு எது என்று உங்களுக்கே தெரியும். உலகம் முழுக்க ராசாக்களும் ஏறினது அதில்தான், டாக்ஸிக்காரர் லட்சக்கணக்கில் மைல் ஓடினதும் அதில்தான். லண்டனுக்கு அகதியாக வந்து, பெட்ரோல் செட்டில் இரவு ஷிப்ட் அடித்து, வீட்டுக்கு மோர்ட்கேஜ் எடுத்த எங்கட ஆண்கள் அடுத்ததாக ஆசைப்பட்டதும் அதற்குத்தான். புதுசோ பழசோ, வாங்கினவுடன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, தேசிக்காய்க்கு மேல் டயரை ஏற்றிவிட்டுத்தான் எங்களிடம் முதல் சேர்விசுக்கு வருவார்கள். மெக்கானிக் டெரி ஒருநாள் டயர் இடுக்கிலிருந்து ஒரு விதையைக் கிண்டி எடுத்து, "மலர், உங்கட ஆட்களின் கார் எல்லாம் ஏன் லெமன் தோட்டத்துக்குள்ளால் வருகுது?" என்று கேட்டான்.

என் வேலை சேர்விஸ் ரிசெப்ஷன். கஸ்டமர் சொல்கிற குறையைக் கேட்டு, மெக்கானிக்குக்கு விளங்கிற மாதிரி ஜொப் கார்டில் எழுதவேணும். அவர்கள் "குர்ர் எண்டுது" என்பார்கள், நான் வீல் பேரிங் என்று எழுதுவேன். "மணக்குது" என்றால் ஹீட்டர். பிரையனின் கண்டிப்பான சட்டம் ஒன்று இருந்தது. டிரைவர் சீட்டை யாராவது அசைத்தால், போகும்போது, சீட் முன்னுக்குப் பின்னுக்கு நகருகிற தண்டின் பழைய பல்லிலேயே திரும்பக் கொண்டுவந்து விடவேணும். "எஞ்சினைக் குழப்பினால்கூட மன்னிப்பான். சீட்டை மாத்தினால் மன்னிக்க மாட்டான்," என்பார்.

2. தாய் வீட்டுக்குப் போன பெண்

சேர்ந்த கொஞ்ச நாளில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மனுசன் கொம்பனியின் சரித்திரம் சொன்னார். வால்வும் பிஸ்டனும் வந்த இடத்தில் எனக்கு நித்திரை வந்துவிட்டது. பிறகு அவர் சொன்ன இரண்டு கதையில் முழுதாக விழித்துவிட்டேன்.

ஒன்று, முதல் கார் செய்த மனுசனின் மனைவியின் கதை. அவர் காரைச் செய்துபோட்டு, வெளியே கொண்டுபோகத் தயங்கிக்கொண்டு இருந்தாராம். ஒருநாள் விடிய, அவருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், மனுசி இரண்டு பெடியளையும் ஏற்றிக்கொண்டு தாய் வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டா. எரிபொருள் முடிய மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினா. குழாய் அடைபட, தொப்பி ஊசியைக் கழற்றிக் குத்தி எடுத்தா. பிறேக் தேய, செருப்புத் தைக்கிறவரைக் கொண்டு தோல் அடித்தா. இருட்டுப்படத் தாய் வீட்டில் போய் இறங்கினா. கார் என்றால் தூரமும் போகும் என்று சனம் நம்பியது அதற்குப் பிறகுதானாம்.

மற்றது பெயரின் கதை. எங்கட கொம்பனிக் காருக்கு இன்றைக்கும் இருக்கிற பெயர் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் பெயர். கார் வாங்கி விற்ற ஒரு பணக்காரத் தகப்பன் மகளில் உள்ள உருக்கத்தில் தன் கார்களுக்கு அவளின் பெயரை வைத்தார். கொம்பனியும் அதையே எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டையும் நான் ரிசெப்ஷனில் காத்திருக்கிற எங்கட ஆட்களுக்குச் சொல்வேன். கோப்பி மெஷின் பழுதான நாட்களில் நல்லாக உதவியது.

3. சிவஞானம் அண்ணை

இந்தக் கதைகளை என்னிடம் கேட்டு, என்னைவிட அழகாகச் சொல்லத் தொடங்கினவர் சிவஞானம் அண்ணை. கவுன்சிலில் கணக்குப் பகுதியில் வேலை. ஐந்து வருசம் ஓடின கறுப்புக் கார் ஒன்றை எங்களிடம்தான் வாங்கினார். வேலைக்கு ரெயிலில் போவார். கார் வீட்டுக்கு முன்னால் சீலை போர்த்தபடி நிற்கும். சனி, ஞாயிறு மட்டும் வெளியே எடுப்பார். உள்ளே தோடம்பழம் உரிக்கக்கூடாது, ஈரக் குடை வைக்கக்கூடாது. அவரின் மனைவி கமலாக்கா லைசென்ஸ் எடுத்தவ. இன்சூரன்ஸில் அவவின் பெயரும் இருந்தது. பெயர் மட்டும்தான் இருந்தது.

சேர்விசுக்கு வரும்போது ஒரே மகள் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு வருவார். "காருக்கு மகளின்ர பேரை வைச்சவனை நான் மெச்சுவன். நான் கார் செய்திருந்தால் அதுக்குச் சுகந்தி எண்டுதான் பேர்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். சுகந்தி வெட்கத்தில், "அப்பா, ப்ளீஸ்," என்று அவர் கோட்டை இழுப்பாள்.

அந்தச் சுகந்தி, சில வருசம் கழித்து, யூனிவேர்சிட்டியில் சந்தித்த மலேசியத் தமிழ்ப் பெடியன் ஒருவனை வீட்டுக்குச் சொல்லாமல் ரெஜிஸ்டர் கலியாணம் செய்துவிட்டாள். நல்ல பெடியன்தான். ஆனால் தகப்பனுக்கு அது தாங்கவில்லை. "எனக்குப் பிள்ளையே இல்லையெண்டு நினைக்கிறன்," என்று சொன்னவர், கமலாக்காவும் அவளோடு கதைக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அவள் லண்டனின் அந்தக் கரையில் இல்ஃபோர்ட்டில், இவர்கள் இந்தக் கரையில் ஸ்ட்ரெதமில். அதற்குப் பிறகும் அவர் சேர்விசுக்கு வந்தார். பெயரின் கதையை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4. மஞ்சள் எண்ணெய்

ஒரு வியாழக்கிழமை காலை அந்தக் கறுப்புக் கார் முற்றத்துக்குள் வந்து, இரண்டு தரம் குலுங்கி நின்றது. இறங்கினது கமலாக்கா. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"மலர், கீழை ஏதோ கொட்டுண்டு போச்சு. இவர் வேலையால வர முதல் துடைச்சுத் தர ஏலுமோ?" என்றா. சாவியை என் மேசையில் வைத்துவிட்டு ரிசெப்ஷன் கதிரையில் இருந்தா.

டெரி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். இடப்பக்கக் கார்ப்பெட் முழுக்க மஞ்சள் படிந்த எண்ணெய். விரலில் தொட்டு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். "கியர்பொக்ஸ் எண்ணெய் இல்லை. பிறேக் எண்ணெயும் இல்லை. மலர், இப்படி ஒரு எண்ணெய் நான் கண்டதே இல்லை," என்றான்.

நான் தலையை உள்ளே விட்டேன். உள்ளி, மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள். அரைத்துக் காய்ச்சின சரக்குக்கறி. எங்கட ஆட்களின் வீட்டில் அந்தக் கறி சும்மா வைக்கிறதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகத்தான் வைக்கிறது.

திரும்பி வந்து மெல்லமாகக் கேட்டேன். "கமலாக்கா, சுகந்திக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ?"

மனுசி அந்தக் கதிரையில் இருந்து அழுத அழுகை இருக்கே. அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தா. "பொம்பிளைப் பிள்ளை, மலர். தலை நிறைய மயிர். பெடியனுக்குச் சமைக்கத் தெரியாது. அவள் ஆஸ்பத்திரியால வந்து பாணும் ஜாமும் திண்டுகொண்டு கிடக்கிறாள். நான் பெத்த தாய், பாத்துக்கொண்டு இருக்க ஏலுமோ? நேற்று இவர் ரெயில் ஏறினவுடன காரை எடுத்தன். பிளாக்வோல் டனலுக்குக் கிட்ட ஒரு லொறிக்காரன் குறுக்கை விட்டான். பிறேக் அடிச்சன், சட்டி சரிஞ்சு போச்சு. மிச்சக் கறியைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்திட்டன். நல்லகாலம், ராத்திரி இவர் காரைத் திறக்கேல்லை. திறந்தால் மணத்திலயே பிடிச்சிடுவார். பிறகு சாவியை ஒளிச்சு வைப்பார். என்ர பேரப்பிள்ளையை நான் பாக்கவே ஏலாது."

நான் பிரையனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வியாழன் என்றால் கார் ஏற்றுகிற ரேம்ப் எல்லாம் நிரம்பி இருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் கார் செய்தவனின் மனைவி தாய் வீட்டுக்குப் போனா. இவ மகள் வீட்டுக்குப் போயிருக்கிறா. இரண்டு பேருமே புருசனுக்குச் சொல்லவில்லை," என்றார். பிறகு உள்ளே பார்த்து, "டெரி, அந்தக் காரின் சீட் இரண்டையும் கழற்று," என்று கத்தினார்.

சீட் இரண்டையும் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, கீழே இருந்த தடிச்ச ஃபோமைப் பிழிந்து, ஷாம்பூ போட்டு, ஹேர் டிரையர் மாதிரி ஒன்றால் மத்தியானம் முழுக்கக் காய வைத்தோம். மஞ்சள் போய்விட்டது. மணம் போகவில்லை. அந்தக் காரில் எல்லாமே நல்ல சாமான், ஆனபடியால் மணத்தையும் நல்லாகப் பிடித்து வைத்திருந்தது. பின் சீட்டுக்குச் சூடு போகிற குழாய்க்குள்ளும் கொஞ்சம் இறங்கிவிட்டது போல.

சீட்டைத் திரும்பப் பூட்டினபோது, "எந்தப் பல்லில் விடுறது?" என்று டெரி கேட்டான். கமலாக்கா சின்ன மனுசி, வரும்போதே முன்னுக்கு இழுத்துத்தான் ஓட்டி வந்தவ. அண்ணை நெடுவல். அவ கையால் காற்றில் அளந்து, "இவரின்ர கால் இவ்வளவு நீளம்," என்று காட்டினா. அந்த அளவில்தான் விட்டோம். வீட்டுக்குப் போக அவ திரும்ப முன்னுக்கு இழுத்திருப்பா, நிறுத்தினபிறகு பின்னுக்குத் தள்ளியிருப்பா. சரியாகத் தள்ளினாவோ என்று எனக்கு அன்றிரவு முழுக்க யோசனை.

5. ஹீட்டர் போட்டால் வருகிற மணம்

சனிக்கிழமை கடை திறந்தவுடன் சிவஞானம் அண்ணை வந்தார். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தங்கச்சி, என்ர சீட்டை ஆரோ ஒரு பல்லு முன்னுக்கு விட்டிருக்கினம்," என்றார்.

"எங்கட பெடியள்தான் அண்ணை. போன முறை சேர்விசுக்கு வரேக்கை மாறியிருக்கும்," என்றேன். என் முகத்துக்குப் பொய் சரிவராது, ஆனாலும் சொன்னேன்.

"போன சேர்விஸ் மாசியில. நான் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஓடுறன்."

நான் மேசையில் கிடந்த சாவிகளை ஒழுங்குபடுத்தினேன்.

"ஹீட்டர் போட்டால் ஒரு மணமும் வருது."

"ஹீட்டருக்குள்ள தண்ணி லீக் ஆனால் அப்பிடித்தான் அண்ணை. பாக்கச் சொல்லுறன்," என்று ஜொப் கார்டை எடுத்தேன்.

அவர் என் பேனைக்கு மேல் கையை வைத்தார். கோபமாக வைக்கவில்லை. முன்னால் இருந்த கதிரையில் இருந்துகொண்டார்.

"உமக்கு அது என்ன மணம் எண்டு தெரியும். எனக்கும் தெரியும். சுகந்தி பிறக்கேக்கை எங்களுக்கு உதவிக்கு ஒருத்தரும் இல்லை. கமலா படுக்கையில கிடந்து சொல்லச் சொல்ல, நான்தான் உள்ளி உரிச்சு, சரக்கு அரைச்சுக் காய்ச்சினனான். கை ரெண்டும் ஒரு மாசம் அந்த மணம்தான். ஒஃபிஸில பக்கத்தில இருந்தவன் கதிரையைத் தள்ளிப் போட்டவன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இண்டைக்கு விடிய ஹீட்டரைப் போட்டிட்டு, ரோட்டோரத்தில நிப்பாட்டிப்போட்டு இருந்தனான்."

நான் பேனையை மூடினேன். அவர் மேசையைப் பார்த்தபடி, ஒரு பிழை செய்த பிள்ளை மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன பிள்ளை, தங்கச்சி?"

"பொம்பிளைப் பிள்ளை அண்ணை. தலை நிறைய மயிராம்."

"சுகந்திக்கும் அப்பிடித்தான் இருந்தது," என்றார். அதற்குப் பிறகு அவர் அழுதார், நானும் அழுதேன், இதில் ஒளிக்க என்ன இருக்கு.

அந்த நேரம் பார்த்துப் பிரையன் உள்ளே வந்தார். நிலைமை விளங்காமல், கார்ப்பெட் முழுவதையும் புதிதாக மாற்றித் தருவதாகச் சொன்னார். அண்ணை கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம். அது அப்பிடியே இருக்கட்டும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரையன் அதை வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கார்க்காரர், தன் காரில் மணம் வேணும் என்று கேட்டதை.

அடுத்த சனி மத்தியானம் அந்தக் கார் திரும்ப வந்தது. ஓட்டினது கமலாக்கா. சீட் முன்னுக்கு இருந்தது. பக்கத்தில் சிவஞானம் அண்ணை, நல்ல கோட்டும் டையும் கட்டி, மடியில் துவாயால் சுற்றின சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். ஈரக் குடை ஏற்றாத மனுசன்.

"தங்கச்சி, டயருக்குக் காத்துப் பாக்கச் சொல்லும். இல்ஃபோர்ட் வரைக்கும் போறம்," என்றார்.

"சட்டியைக் கீழை வையுங்கோவன் அண்ணை, சுடப்போகுது."

"வேண்டாம், வேண்டாம். இவவின்ர பிறேக்கை நம்ப ஏலாது," என்றார். கமலாக்கா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினா.

டெரி காற்றுப் பார்த்து முடித்தான். அண்ணைக்குக் கதவைச் சாத்தக் கை இல்லை. நான் சாத்தினேன். டப் என்று அதே சத்தம்.

இப்போது ரிசெப்ஷனில் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு வயரைக் கொழுவி எல்லாக் குறையும் கண்டுபிடிக்கிறார்கள். நல்லது, கண்டுபிடிக்கட்டும். நான் அவர்களுக்குச் சொல்கிறது இதுதான்: கஸ்டமர் வந்து காருக்குள் மணக்குது என்று சொன்னால், ஹீட்டரைக் கழற்ற முதல், வீட்டில் என்ன விசேஷம் என்று ஒருக்கால் கேளுங்கோ.