புஷ்பம் அக்கா பூட்டிய கொக்கி

பதினோரு வருஷமாக எங்கள் பம்ப் ஹவுஸ் தெருவுக்கு மாதா சப்பரம் வந்ததில்லை. தெருமுனையில் சப்பரத்தை இழுக்கும் டிராக்டர் திரும்பாதாம். வாரம் மூன்று முறை தண்ணீர் லாரி திரும்புகிறதே என்று கேட்டால் மாதா கோயில் கமிட்டி பேச்சை மாற்றிவிடும். எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அவர்களுடையது மாடி வீடு. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

ஒவ்வொரு திருவிழாவுக்கும் நாங்கள் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக் காத்திருப்போம். சப்பரம் மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விடும். போன வருஷம் புஷ்பம் அக்கா தன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, இனிமேல் ஓரமாய் நின்று ஏங்குவதில்லை என்றார்.

அக்கா விடியற்காலையில் கோவளம் போய் மீன் எடுத்துவந்து கிழக்குத் தாம்பரம் முழுக்க விற்பவர். புருஷன் விட்டுப்போனது ஒரு பழைய பிக்கப். டிரைவர் வைக்கச் சொன்னார்கள். அவரே லைசென்ஸ் எடுத்தார். ஓட்டை வண்டியை விற்கச் சொன்னார்கள். இன்ஜினை இறக்கி வேலை பார்த்தார். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் கமிட்டிக்கே போய், சப்பரத்தை என் வண்டியில் இழுக்கிறேன், வாடகை வேண்டாம் என்றார். தலைவர் மெர்வின் சார் மீன் நாற்றமடிக்குமே என்று இழுத்தார்.

"ஆண்டவரு மொதல்ல கூப்டது மீன் புடிக்கிறவங்களைத்தானே சார்?" என்றார் அக்கா.

சார் சரி என்றுவிட்டார். ஓசி என்றதும் மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். தெருவைப் பற்றி அக்கா மூச்சு விடவில்லை.

வெல்டிங் கடை ஜெபின், சப்பரத்தை மாட்டுகிற கொக்கியைப் பம்பரில் ஒட்டிவைத்தால் அரை மணி வேலை என்றான். முதல் மேட்டிலேயே பம்பரோடு பிய்த்துக்கொண்டு வரும் என்று அக்கா ஒப்பவில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் துளை போட்டு, தடித்த தகடு வைத்து, எட்டு போல்ட் முடுக்க வைத்தார். ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றார். மறுநாள் குப்புராஜ் மேஸ்திரியின் கான்கிரீட் மிக்ஸரை மாட்டி, எங்கள் தெருமுனையில் மூன்று முறை திரும்பினார். சுவரில் ஒரு கீறல் இல்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

திருவிழா அன்று சாயங்காலம் மெர்வின் சார் விசிலோடு முன்னால் நடந்தார். எங்கள் முனையில் நேராகப் போகக் கை காட்டினார். அக்கா இடது இண்டிகேட்டர் போட்டார். சார் ஜன்னலுக்கு ஓடிவந்து, ரூட் அது இல்லை என்றார்.

"டிராக்டர்தானே திரும்பாதுன்னீங்க. இது திரும்பும் சார். மூணு தபா திருப்பிப் பாத்துட்டேன்."

திருப்பினார். மாதா போகிற வழியில்தானே பேண்டு வாத்தியமும் போகும்? எல்லாரும் பின்னால் வந்தார்கள், கடைசியில் மெர்வின் சாரும்.

அக்கா தன் வாசலில்கூட நிற்கவில்லை. தெருவின் கடைசி வீடு வரைக்கும் இழுத்துப் போனார். அங்கே இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

"எங்க ஜனம் மொத்தமும் கும்புட்டு முடிக்கட்டும். அப்புறம்தான் வண்டி கெளம்பும்."